ஓரத்தில் ஏறாத திருமணங்கள்

புதுச்சேரியின் பழைய பிறப்புப் பதிவேடுகளில் ஒவ்வொரு பக்கத்திலும் அகலமாக ஓர் ஓரம் விட்டிருப்பார்கள். குழந்தை பிறந்த கணக்கை எழுதும் அன்று, பெயரையும் எண்ணையும் தவிர, அந்த ஓரத்துக்கு வேலை கிடையாது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் நடக்கும். கல்யாணப் பதிவேட்டில் எழுதி முடித்ததும், எழுத்தர் பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்து, யாரோடு, எந்த ஊரில், எந்தத் தேதியில் திருமணம் என்று அந்த ஓரத்தில் இரண்டு வரி எழுதுவார். பிரான்சில் 1897-இல் சட்டமான வழக்கம் இது. பிறந்தவர் வேறு ஊர்க்காரர் என்றால் அந்த ஊருக்குத் தகவல் அனுப்பி அங்கே எழுதச் சொல்ல வேண்டும். ஒரு நிகழ்ச்சி, அதன் விளைவாக இன்னொரு புத்தகத்தில் ஒரு மாற்றம். எழுத்தருக்கு அந்த இரண்டாவது வேலையிலிருந்து கையில் எதுவும் திரும்பி வராது. வேலை நடந்ததா என்பதற்கு அந்த ஓரம்தான் சாட்சி.

டேட்டாபேஸ் நிரலில், எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்குள் இருந்து எப்படி அழைப்பது என்பதை நான் இந்த ஓரத்தை வைத்துத்தான் கற்றேன். புத்தகத்தில் படித்திருந்தால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். இவ்வளவு ஆழமாக மனதில் இறங்கியிருக்காது.

காமாட்சியம்மன் கோயில் வீதியில் ஒரு மாடி அறை. கீழே துணிக்கடை. பிரெஞ்சுக் குடியுரிமை தொடர்பான குடும்ப ஆவணங்களைத் தேடி, ஒழுங்குபடுத்தி, கோப்பு தயாரித்துத் தரும் சிறிய இடம் அது. இந்த ஊரில் அந்த வேலைக்கு என்றுமே தட்டில்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படி ஒப்படைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16-இல். அப்போது, விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம், ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆறு மாதத்தில் தாத்தா எழுதிக் கொடுத்தாரா என்பதில் இன்று பேரனின் பாஸ்போர்ட் நிற்கிறது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாவாக இருக்கலாம், சைகோனில் கணக்கு எழுதியவராக இருக்கலாம். அவர் யார், யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார் என்ற சங்கிலி ஒரு கண்ணி விடாமல் காகிதத்தில் இருக்க வேண்டும். கடல் கடந்த பிரெஞ்சுக் குடிமக்களின் எத்தா சிவில், அதாவது பிறப்பு, திருமணப் பதிவுகள், 1965 முதல் பிரான்சின் நாந்த் நகரில் இருக்கிறது. எங்கள் கோப்புகளில் பெரும்பாலானவை கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

அறையில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர். நூறு வருடத்துக்கு முந்தைய சாய்வெழுத்தைச் செய்தித்தாள் படிப்பதுபோலப் படிப்பார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு ஓடாது. நான் அவரை ஐயா என்பேன். அவருக்கு நான் தம்பி. பதிவேட்டுப் படிகளை அவர் வாசிக்க, இரண்டு பெண்கள் கணினியில் ஏற்றுவார்கள். அந்தக் கணினிக்குள் இருந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் என்னை வைத்தார்கள். 2009, 2010 வாக்கில். எனக்கு முன்னால் வேறொருவர் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு வேலை மாறிப் போயிருந்தார்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். 1986-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்களைப்போன்ற இடத்துக்கு அது பெரிய விஷயம். அட்டவணைகளோடு நிரலையும் அதற்குள்ளேயே எழுதி வைக்கலாம். அதற்கென்று யான் வீக் எழுதிய பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் என்ற மொழி 1998-இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. ஒரு கல்யாணப் பதிவு அட்டவணையில் ஏறியதும் தானாக ஒரு டிரிக்கர் ஓடும். அது ஓரக்குறிப்பு எழுதும் ஃபங்ஷனை மாப்பிள்ளைக்கு ஒரு முறை, பெண்ணுக்கு ஒரு முறை அழைக்கும். அந்த ஃபங்ஷன் வாய்ட் வகை, அதாவது வேலையைச் செய்யும், விடை எதுவும் தராது. 2002-இல் 7.3 பதிப்பு வருவதற்கு முன் இப்படிச் சொல்லவே வழியில்லை; ஒப்புக்கு ஓர் எண்ணைத் திருப்பித் தருவார்கள்.

அந்த அழைப்பில் ஒரு விசேஷம் உண்டு. வெளியே கமாண்ட் லைனில் உட்கார்ந்து செலக்ட் போட்டு வாய்ட் ஃபங்ஷனை அழைத்தால், அது ஓடி முடித்து ஒரு வரிசையைக் காட்டும். வரிசைக்குள் ஒன்றும் இருக்காது. வெறும் எஸ்கியூஎல்லில் எழுதிய ஃபங்ஷனுக்குள்ளும் அதே செலக்ட் வரி சத்தமில்லாமல் ஓடும். பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லுக்குள் மட்டும் அது நடக்காது. அங்கே செலக்ட் என்றால் வருவதை எந்த மாறியில் வைப்பது என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், வந்த விடைக்குப் போய்ச் சேர இடமில்லை என்று நின்றுவிடும்; விடை வேண்டாமென்றால் செலக்ட்டை எடுத்துவிட்டு பெர்ஃபார்ம் போடு என்ற குறிப்பையும் அதுவே தரும். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நாள் முழிப்பார்கள். ஃபங்ஷனே எதையும் தருவதில்லையே, அப்புறம் எந்த விடைக்கு இடம் கேட்கிறது என்று. டேட்டாபேஸ் பார்வையில் வாய்டும் ஒரு விடைதான். வெற்றாக வரும் ஒரு வரிசை. அதைத் தூக்கிப் போடப் போகிறோம் என்பதை நிரல் எழுதுகிறவர் தன் வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கறார் எனக்கு அப்போதும் பிடித்தது, இப்போதும் பிடிக்கிறது.

ஒரு நாள் மதியம் ஐயா ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா சைகோனில் பிறந்தவர், கல்யாணம் புதுச்சேரியில். கணினி தந்த அறிக்கையில் கல்யாணம் இருந்தது. ஓரக்குறிப்பு என்ற இடத்தில் ‘பதிந்தாயிற்று’ என்றிருந்தது. கோப்பு கிளம்பத் தயார். ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தம்பி, இந்தாளு பொறந்தது சைகோன்ல. அங்க எழுதின ஓரக்குறிப்பு நம்மகிட்ட எப்படி இருக்கும்? அந்தப் பதிவேட்டை நாம பார்த்ததே இல்லையே.”

நான் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். குறிப்பு இல்லை. அப்படி ஒரு வரிசையே இல்லை. ஆனால் கல்யாண வரிசையில் ‘பதிந்தாயிற்று’ என்று கொடி ஏறியிருந்தது. கொடி இருந்தும் குறிப்பு இல்லாத கல்யாணங்கள் எத்தனை என்று கேட்டு ஒரு வினவல் ஓட்டினேன். திரை நிறைய வந்தது. ரெயூனியன், சைகோன், காரைக்கால், மாஹே என்று பிறந்த ஊர்கள். பொதுவான விஷயம் ஒன்றுதான்: பிறப்புப் பதிவின் எண் எங்களுக்குத் தெரியாதவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒருவர் விடாமல்.

டிரிக்கரின் நிரல் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. பெர்ஃபார்ம் போட்டு ஓரக்குறிப்பு ஃபங்ஷனை அழைக்கிறது. அடுத்த வரியில் ஃபவுண்ட் என்ற மாறியைப் பார்க்கிறது. உண்மை என்றால் கொடி ஏற்றுகிறது. ஃபவுண்ட் என்பது கடைசியாக ஓடிய கட்டளைக்கு வரிசை ஏதாவது அகப்பட்டதா என்று சொல்லும் மாறி. அப்டேட்டுக்குப் பின் அதைப் பார்த்தால், ஏதாவது மாறியதா என்று தெரியும். எழுதியவர் அந்த நினைப்பில் எழுதியிருக்கிறார். உள்ளே அழைத்த ஃபங்ஷன் அப்டேட் செய்ததா என்று வெளியே ஃபவுண்ட் சொல்லும் என்று. சொல்லாது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனித்தனி ஃபவுண்ட் உண்டு. உள்ளே நடந்தது வெளியே தெரியாது. வெளியே உள்ள ஃபவுண்ட் பார்ப்பது பெர்ஃபார்முக்கு ஒரு வரிசையாவது வந்ததா என்பதை மட்டும். வாய்ட் ஃபங்ஷனை நேரடியாக அழைத்தால் அந்த வெற்று வரிசை எப்போதும் வரும். ஆகவே அந்த ‘இஃப்’ எப்போதும் உண்மைதான். அதை எழுதாமலே இருந்திருக்கலாம்.

இது பாதிதான். ஓரக்குறிப்பு ஃபங்ஷனுக்குள் எண் இல்லாதவர்களுக்கு ஒரு தனி வழியும் எழுதப்பட்டிருந்தது: நிலுவை அட்டவணையில் போட்டு, பிறந்த ஊருக்குத் தகவல் அனுப்பவேண்டியது என்று குறித்துவைக்க. சரியான யோசனை. அந்த வரிகள் ஏன் ஒரு முறைகூட ஓடவில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. நிலுவை அட்டவணை காலி.

அதைக் கண்டுபிடித்தவர் ஐயா. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. போஸ்ட்கிரெஸின் கையேட்டைப் பிரெஞ்சில் முழுக்க மொழிபெயர்த்து, பதிப்புக்குப் பதிப்பு புதுப்பித்து வருகிறார்கள் பிரான்சிலுள்ள ஆர்வலர்கள். ஆங்கிலக் கையேட்டோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர், “பிரெஞ்சுல இருக்கான்னு பாரு” என்றார். இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். ஃபங்ஷனை உருவாக்கும் கட்டளைக்கான பக்கங்கள். அவர் பத்திரம் படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். எங்கள் ஃபங்ஷனின் தலைப்பில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, அதற்குரிய பத்தியைத் தேடினார்.

“ஸ்ட்ரிக்ட்னு போட்டிருக்கா இதுல?”

“இருக்குங்க ஐயா.”

“அப்ப, உள்ள போற விவரத்துல ஏதாவது ஒண்ணு நல்லா இருந்தா இந்த ஃபங்ஷனை ஓட்டவே மாட்டாங்களாம். நல்லையே விடையா வச்சுட்டுப் போயிடுவாங்களாம்.”

நல் என்றால் தெரியாத மதிப்பு. பதிவெண் தெரியாத ஒருவருக்காக அழைக்கும்போது அந்த இடத்தில் நல்தான் போகும். ஃபங்ஷனுக்குள் எவ்வளவு நல்ல யோசனை எழுதியிருந்து என்ன, கதவே திறக்காது. வேறு ஃபங்ஷனாக இருந்தால் விடையாக வரும் நல் எங்காவது உறுத்தியிருக்கும். கூட்டலில் வந்து கணக்கைக் கெடுத்திருக்கும், பெயருக்குப் பதில் வெற்றிடம் அச்சாகியிருக்கும். இது வாய்ட். ஓடி முடித்தாலும் வெற்று வரிசை, ஓடாமலே போனாலும் வெற்று வரிசை. பெர்ஃபார்ம் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கும்.

ஐயா அந்த அம்மாவிடம் போய், கோப்பு இன்று கிளம்பாது, உங்கள் அப்பாவின் பிறப்புப் பதிவுக்கு முதலில் எழுதிக் கேட்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அவர் கோபப்படவில்லை. இத்தனை வருஷம் இருந்தாச்சு என்றார். அந்தச் சொல் என்னை இன்னும் அதிகமாக வருத்தியது. பிழையான கோப்பு போயிருந்தால் அப்பாவின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் இடையில் கண்ணி அறுந்திருக்கும். அவர் தன் அப்பாவுக்குத்தான் பிறந்தார் என்பதை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1776-இல் பிரெஞ்சு அரசர் போட்ட ஆணைப்படி காலனிகளின் பதிவேடுகளில் ஒரு பிரதி வெர்சாய்க்குக் கப்பலேற வேண்டும். அந்தப் பிரதிகள் இப்போது எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் பக்கங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். அதுதான் இருக்கிறதே, ஓரக்குறிப்புக்கு ஏன் அலைய வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கப்பலேறிய பிரதியில் அதற்குப் பின் நடந்த கல்யாணம் எப்படி ஏறும்? உள்ளூரில் தங்கிய புத்தகத்தின் ஓரத்தில்தான் ஒருவரின் வாழ்க்கை தொடர்ந்து எழுதப்பட்டது. அந்த இரண்டு வரிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

நிரலைத் திருத்தியபோது அலுவலகத்தை நடத்தியவர் ஒரு யோசனை சொன்னார். வாய்டை எடுத்துவிட்டு, வெற்றி தோல்வி என்று ஒரு விடை வரும்படி மாற்றிவிடு. அழைக்கிற இடத்தில் சோதித்துக்கொள்ளலாம். கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. விடையைச் சோதிப்பது அழைக்கிறவரின் பொறுப்பாகிறது. அழைக்கிற இடம் இன்று ஒன்று, நாளை ஐந்து. யாராவது ஒருவர் பெர்ஃபார்ம் போட்டு அழைத்தால் அந்த விடையும் தூக்கியெறியப்படும், பழைய நிலைமைதான். அதனால் ஃபங்ஷன் வாய்டாகவே இருந்தது. ஸ்ட்ரிக்ட்டை எடுத்தேன். உள்ளே அப்டேட்டை ஒட்டி, எத்தனை வரிசை மாறியது என்று கெட் டயக்னோஸ்டிக்ஸால் கேட்டு, சரியாக ஒன்று இல்லையென்றால் ரெய்ஸ் எக்செப்ஷன். அந்தப் பிழை அழைத்த டிரிக்கரையும் நிறுத்தும், கல்யாணப் பதிவையும் ஏறவிடாமல் திருப்பிவிடும். தட்டச்சு செய்யும் பெண்ணின் திரையில் சிவப்பாக வந்து நிற்கும். பெர்ஃபார்ம் விடையைத்தான் எறியும், எக்செப்ஷனை எறிய அதனால் முடியாது. டிரிக்கரில் இருந்த ஃபவுண்ட் சோதனையை அழித்தேன். வரி குறைந்தது, நம்பிக்கை கூடியது.

விடை தராத ஃபங்ஷனுக்கு அன்றிலிருந்து என் நிபந்தனை இதுதான்: ஒன்று வேலை முழுதாக முடிந்திருக்க வேண்டும், இல்லை கூச்சல் போட வேண்டும். நடுவில் வேறொன்று இருக்கக் கூடாது. எந்தப் பிழை வந்தாலும் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும் எக்செப்ஷன் பகுதியை வாய்ட் ஃபங்ஷனுக்குள் எழுதுகிறவர்களோடு நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். நிரல் ‘விழக் கூடாது’ என்பார்கள். விழுந்தால் எழுப்பலாம், விழுந்ததே தெரியாவிட்டால் என்ன செய்வது?

பெர்ஃபார்முக்குச் சரியான துணை, பிறவியிலேயே வாய்டான ஃபங்ஷன்கள்தான். போஸ்ட்கிரெஸே அப்படிச் சிலவற்றைத் தருகிறது. பிஜி_அட்வைசரி_லாக் என்று ஒன்று, 2006-இல் 8.2 பதிப்போடு வந்தது. எங்கள் இடத்தில் இரண்டு பெண்களும் ஒரே பதிவேட்டை ஒரே நேரத்தில் ஏற்றாமலிருக்க அதை வைத்தேன். பூட்டு கிடைக்கும்வரை அது காத்திருக்கும். திரும்பி வந்தாலே பூட்டு கிடைத்ததாக அர்த்தம். விடைக்கு அவசியமில்லை, பெர்ஃபார்ம் பொருத்தம். அதன் கூடவே ‘ட்ரை’ என்ற சொல் சேர்ந்த இன்னொன்று உண்டு. அது காத்திருக்காது, பூட்டு கிடைத்ததா இல்லையா என்று உண்மை, பொய்யில் பதில் சொல்லிவிட்டு உடனே திரும்பும். பின்னாளில் ஒரு பையன் காத்திருப்பு வேண்டாமென்று அதை எடுத்து, முன்பிருந்த பெர்ஃபார்மையே அதன் முன்னால் விட்டுவைத்தான். பூட்டு கிடைக்காதபோதும் நிரல் நிம்மதியாக உள்ளே போனது. நிரல் பரிசீலனையில் இப்போதும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: பெர்ஃபார்முக்கு அடுத்து நிற்கும் ஃபங்ஷன் வாய்டா, இல்லை, சொல்ல ஏதோ வைத்திருந்தும் வாய் பொத்தப்பட்டதா?

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. ஊர் முழுக்க மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. ஆளில்லாத இரவுகளில் தானாக ஓடும்படி ஒரு நிரல் வைத்திருந்தோம். ஐயா படித்துச் சரிபார்த்த அத்தனை பதிவுகளுக்கும் ஓரக்குறிப்பு புதிதாக எழுதும் வேலை. பெர்ஃபார்மின் நல்ல குணம் ஒன்று: ஃபங்ஷனோடு நிறுத்தாமல் ‘ஃப்ரம்’ என்று ஓர் அட்டவணையையும் தரலாம், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முறை அழைக்கும். ஒரே வரியில் ஆயிரக்கணக்கான அழைப்பு. ஆனால் அத்தனையும் ஒரே பரிவர்த்தனை. கரண்ட் போனதோடு அந்த இரவின் வேலை முழுதும் போயிற்று. டேட்டாபேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. இயந்திரத்தைத் திரும்பப் போட்டதும் தன் பதிவுக்குறிப்பேட்டைப் படித்து, உறுதியானவற்றை வைத்துக்கொண்டு, பாதியில் நின்றதைக் கைவிட்டு, எதுவும் நடக்காததுபோல எழுந்தது. அரைகுறையாக ஓர் ஓரக்குறிப்புகூட இல்லை. ஐயாவிடம் அதைச் சொன்னபோது மேசையைத் தட்டி, “பாதி எழுதின பதிவேடுதான் தம்பி ஆபத்து, எழுதாததுல ஆபத்தில்ல” என்றார்.

ஃபங்ஷனுக்குள் நடுவில் கமிட் செய்ய, அதாவது அதுவரை எழுதியதை உறுதியாக்க, முடியாது என்ற கட்டுப்பாட்டுக்கு வழி 2018 அக்டோபரில் வந்த 11-ஆம் பதிப்பில் கிடைத்தது. ப்ரொசீஜர் என்று தனியாக ஒன்று. அதற்கு விடை தரும் கடமையே இல்லை. கால் என்ற கட்டளையால் அழைக்கலாம். உள்ளே அவ்வப்போது கமிட் போடலாம். அப்போது நான் வேறு வேலையில் இருந்தேன், பழைய இடத்துக்கு ஞாயிறுகளில் போய் உதவுவேன். ஐயா கண் சரியில்லாமல் வீட்டோடு இருந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் உற்சாகமாக, இருக்கிற வாய்ட் ஃபங்ஷன் எல்லாவற்றையும் ப்ரொசீஜராக மாற்றிவிடலாமா அண்ணா என்று கேட்டாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த இரவு நிரல் மட்டும் ப்ரொசீஜராக மாறியது; ஐந்நூறு பதிவுக்கு ஒரு கமிட். அதைக் குறித்த நேரத்தில் நேராக வெளியிலிருந்து அழைக்கும்படி வைத்தோம். ஏதாவது ஃபங்ஷனுக்குள் இருந்து கால் செய்தால் உள்ளே இருக்கும் கமிட் பிழையாகிவிடும். ஓரக்குறிப்பு ஃபங்ஷனை அப்படியே விட்டோம். கல்யாணப் பதிவும் அதன் இரண்டு ஓரக்குறிப்புகளும் சேர்ந்தே ஏற வேண்டும், இல்லையென்றால் சேர்ந்தே ஏறாமல் போக வேண்டும். அதற்கு டிரிக்கரும், பெர்ஃபார்மும், தவறினால் நிறுத்தும் அந்த எக்செப்ஷனும் போதும் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். நிலுவை அட்டவணையைத் திறந்து, சைகோன் பிறப்புகளுக்கு எழுதவேண்டிய கடிதங்களை அச்சுக்குக் கொடுத்தாள்.